மீன்தொட்டியில் கரண்ட்: ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை?

"மீன் சும்மா ஓடித் திரியுது, ட்ரிப்பும் விழேல்லை. பிறகு எப்பிடியண்ணை தண்ணிக்குள்ள கரண்ட்?" மீன்தொட்டிக்குள் கை விட்டால் கரண்ட் அடிக்கிறது என்று வயரிங் வேலைக்குக் கூப்பிடும் வீடுகளில் இந்தக் கேள்வி வருவதுண்டு. ட்ரிப் என்பது, கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பை வெட்டும் சுவிட்ச்.

மரத் தாங்கியில் நிற்கும் கண்ணாடித் தொட்டியிலிருந்து கரண்ட் நிலத்துக்குப் போக வழியில்லை. வழி இல்லையென்றால் பாயாது. மீனுக்கும் தெரியாது, ட்ரிப் சுவிட்சுக்கும் தெரியாது. வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நின்று கையை விடுகிறவர்தான் அந்த வழி.

நான் முதலில் பார்ப்பது வீட்டு எர்த்தை, அதாவது கசியும் கரண்டை நிலத்துக்குள் இறக்கும் கம்பியை. யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் கொஞ்சம் இறங்கினாலே சுண்ணாம்புக்கல். கம்பி இறங்காமல் பாதியில் வெட்டிவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். எர்த் சரியில்லையென்றால் மீற்றர் காட்டுவதை நம்ப முடியாது.

பிறகு தண்ணீருக்கும் எர்த்துக்கும் இடையில் அளப்பேன். 30, 40 வோல்ற் காட்டினால் உடனே பதறத் தேவையில்லை. பம்பின் சுருளும் எல்ஈடி லைட்டும் தொடாமலே தண்ணீரில் அவ்வளவு தூண்டிவிடும். மீற்றர் முனைகளுக்குக் குறுக்கே கரண்ட் இழுக்கும் சின்ன லோட் ஒன்றைப் போட்டால் அந்த வோல்ற் விழுந்துவிடும். உண்மையான கசிவு அப்படி விழாது. நியோன் டெஸ்டர் இரண்டுக்குமே மினுங்கலாம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கசிவுதான் என்றால் எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு அளக்க வேண்டும். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. லைவும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் (திரும்பிப் போகும் வயர்) மாறியிருந்தால் நிறுத்திய பிறகும் உள்ளே லைவ் நிற்கும். பெரும்பாலும் பிடிபடுவது ஹீற்றர். அதை நிறுத்தாமல் தண்ணீர் மாற்றுவார்கள். தண்ணீர் இறங்கியதும் வெளியே தெரியும் ஹீற்றரின் சூடான கண்ணாடியில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் பட்டு மயிரிழையாய் வெடிக்கும். எங்கள் வெக்கைக்கு ஹீற்றர் என்னத்துக்கு என்பது வேறு கதை. பம்பில் வயர் உள்ளே போகும் இடத்தைப் பாருங்கள். வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் டேப் சுற்றாமல், பசை பூசாமல் எறிந்துவிடுங்கள்.

சிலர் தொட்டிக்குள் எர்த் கம்பி விடுகிறார்கள். வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் நல்லது, கசிந்தவுடன் விழுத்தும். இல்லாவிட்டால் அதுவரை பாயாத கரண்டைத் தண்ணீருக்குள்ளால் பாயவிட்ட கதைதான்.

இரண்டு முள் பிளக்கை, பேனை மூடியால் எர்த் துளையைக் குத்தித் திறந்து, 13 அம்பியர் சொக்கற்றில் செருகும் பழக்கத்தையும் விடுங்கள். வயரைச் சொக்கற்றுக்குக் கீழே தொங்கவிட்டு மேலே எடுங்கள். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ட்ரிப் சுவிட்சில் 30 மில்லி அம்பியர் என்று இருக்கிறதா பாருங்கள். டெஸ்ட் பட்டனை அமத்துங்கள். விழவில்லையென்றால் தொட்டியைப் பிறகு பார்ப்போம், முதல்ல அதை மாத்துங்கோ.