போனை யார் கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும்?

‘பேசும்போது எதிரொலி கேட்குது சார், என் போனை டேப் பண்றாங்களோ?’ வழக்கறிஞர் அலுவலகங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்டவரிடமே, வாகனச் சோதனையில் காவலர் போனைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டால், ‘லாக்கை எடுத்துக் கொடுத்துடுவேன், வேற என்ன செய்ய முடியும்?’ என்பார். ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கக்கூடியதற்கு அஞ்சுகிறோம். யாருக்கும் எந்தத் தெருமுனையிலும் நடக்கக்கூடியதற்குத் தயாராக இல்லை. இந்தக் குழப்பம் வழக்குகளில் பெரிய சேதத்தை உண்டாக்குகிறது.

முதலில் எதிரொலி. சட்டப்படியான ஒட்டுக்கேட்பு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைப்பகத்திலேயே நடக்கிறது. உங்கள் கருவியில் சத்தமோ, சூடோ, சார்ஜ் குறைவதோ அதற்கு அடையாளம் இல்லை. *#21# அல்லது *#62# அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் தவறு. அவை உங்கள் அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் காட்டும் குறியீடுகள். மோசடிக்காரர்கள் இதே அழைப்புத் திருப்பலைப் பயன்படுத்தி ஓ.டி.பி. பறித்ததால்தான், 2024 ஏப்ரல் 15 முதல் குறியீடு அடித்து அழைப்பைத் திருப்பிவிடும் வசதியை நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

ஒட்டுக்கேட்க ஒரு காவல் ஆய்வாளர் நினைத்தால் போதாது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் பிரிவு 5(2) இருந்த இடத்தில் இப்போது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் பிரிவு 20(2) இருக்கிறது. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு, இந்த இரண்டில் ஒன்று இருக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் முதல் நிபந்தனை. 1996 டிசம்பர் 18 அன்று, மக்கள் குடிமை உரிமைக் கழகம் (பி.யூ.சி.எல்.) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் பின்னர் விதிகளாயின. மத்திய அரசின் அல்லது மாநிலத்தின் உள்துறைச் செயலாளர் காரணங்களை எழுதி உத்தரவிட வேண்டும். ஓர் உத்தரவின் ஆயுள் 60 நாள். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. அவசரத்தில் ஐ.ஜி. நிலைக்குக் குறையாத அதிகாரி தொடங்கிவைக்கலாம். ஆனால் 7 வேலை நாளுக்குள் உள்துறைச் செயலாளர் உறுதிசெய்யாவிட்டால் அது அத்தோடு நிற்க வேண்டும்.

காகிதத்தில் இது கறாரான ஏற்பாடு. மேற்பார்வைதான் பலவீனம். மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையில் மூன்று அதிகாரிகள் கொண்ட மறுஆய்வுக் குழு உத்தரவுகளைச் சரிபார்க்கிறது. நீதிபதி எவரும் அதில் இல்லை. மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 உத்தரவுகள் பிறப்பிப்பதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒருமுறை பதில் வந்தது. மத்திய மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடினால் ஓர் அமர்வில் 15,000-க்குக் குறையாத உத்தரவுகளைப் படிக்க வேண்டும் என்று, தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் சுட்டிக்காட்டியது. அத்தனையையும் ஒரே அமர்வில் யாராலும் படிக்க முடியாது.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. கணினி வழித் தகவலுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69 பொருந்தும். அதில் பொது அவசரநிலை என்ற நிபந்தனையே கிடையாது. எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்கும் உத்தரவிடலாம். ஒரே செய்தியை அழைப்பில் சொன்னால் ஒரு பாதுகாப்பு, மின்னஞ்சலில் எழுதினால் வேறொரு பாதுகாப்பு. இது மாற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் வெறும் சடங்காக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு லஞ்சப் புகாரில் 2011-இல் உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்தது. சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக ரகசியமாக ஒட்டுக்கேட்பது பொதுப் பாதுகாப்பு ஆகாது என்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-லேயே இதே வழியில் தீர்ப்பளித்திருந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் ஓர் ஊழல் வழக்கில் மாறாகப் பார்த்தது. ஆக, வழக்கு எந்த ஊரில் நடக்கிறது என்பதைப் பொறுத்தும் விடை மாறக்கூடும்.

இன்னொன்றை மனதில் நிறுத்துங்கள். ஒட்டுக்கேட்பு உத்தரவு ரகசியமானது. கண்காணிக்கப்படுபவருக்கு யாரும் தெரிவிப்பதில்லை. ஆகவே ‘உங்கள் போன் கண்காணிப்பில் இருக்கிறது, யாரிடமும் பேசக் கூடாது, வீடியோவை அணைக்கக் கூடாது’ என்று சீருடையில் ஒருவர் வாட்ஸ்அப் அழைப்பில் மிரட்டினால், அவர் போலீஸ் இல்லை. ‘டிஜிட்டல் கைது’ என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. கைதானால் காரணம் சொல்ல வேண்டும், விரும்பிய வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது உறுப்பு. வழக்கறிஞரிடம் பேசக் கூடாது என்று சொல்லும் அதிகாரி எவருக்கும் அப்படிச் சொல்ல அதிகாரம் இல்லை. இந்த ஒரு வரி தெரியாததால் ஓய்வூதியப் பணம் முழுவதையும் மாற்றிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரத் தாமதத்திலும் பணம் கணக்கு மாறிப் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது அழைப்பு விவரப் பதிவு. ஸ்டேஷன் மொழியில் சி.டி.ஆர். இதில் பேச்சு இருக்காது. யார் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவரிலிருந்து, எந்த ஐ.எம்.இ.ஐ. (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) கருவியில் என்பவை இருக்கும். நிறுவனங்கள் இதை 2 ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும். இதற்கு உள்துறைச் செயலாளர் உத்தரவு தேவையில்லை. டவர் இருப்பிடம் என்றால் நின்ற இடம் என்று பலர் நினைக்கிறார்கள். நகரில் அது சில நூறு மீட்டர் வட்டம், கிராமத்தில் சில கிலோமீட்டர்கூட ஆகலாம். குறுக்கு விசாரணையில் முதலில் பிடிக்க வேண்டிய நூல் இதுதான். மணவிலக்கு வழக்குகளில் மனைவியின் அல்லது கணவரின் சி.டி.ஆரைத் தனியார் துப்பறிவாளரிடம் விலைக்கு வாங்கி வருவோர் உண்டு. 2018-இல் மகாராஷ்டிரத்தின் தானே நகரக் காவல்துறை அப்படி வாங்கி விற்றவர்களைக் கைது செய்தது. தேவையென்றால் நீதிமன்றத்தில் மனு போட்டு நிறுவனத்திடமிருந்து வரவழையுங்கள்.

இனி உங்கள் கையிலிருக்கும் போனுக்கு வருவோம். 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி, வாட்ஸ்அப்பில் ‘கஞ்சா’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்த வீடியோ பரவியது. வழக்கு எதுவும் இல்லாமல், வழியில் போகிற எவருடைய போனையும் திறந்து பார்க்கும் பொது அதிகாரம் எந்தச் சட்டத்திலும் தரப்படவில்லை. பிடியாணை இல்லாமல் தேடுதல் நடத்த, பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். பிரிவு 185-இன்படி, நடக்கிற புலனாய்வு ஒன்று இருக்க வேண்டும், காரணத்தை அதிகாரி எழுதிவைக்க வேண்டும், அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும்.

ஆனாலும் நடுரோட்டில் சட்டம் பேசி மல்லுக்கட்டாதீர்கள். ‘எந்த வழக்கு சார், குற்ற எண் என்ன?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். ‘நோட்டீஸ் கொடுங்க சார், வக்கீலோட வந்து ஒப்படைக்கிறேன்’ என்று சொல்லுங்கள். பெயர்ப்பட்டையில் உள்ள பெயர், இடம், நேரம் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். நீங்களாகத் திறந்து கொடுத்தால் ‘விருப்பத்தின்பேரில் காட்டினார்’ என்று பதிவாகும். அதன்பின் அந்தரங்க உரிமையைப் பற்றி வாதாடுவது கடினம்.

எழுத்தில் வரும் நோட்டீஸ் பெரும்பாலும் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 94-இன்கீழ் இருக்கும். மின்னணுக் கருவிகளும் இப்போது அதில் வெளிப்படையாகச் சேர்ந்திருக்கின்றன. சாட்சியாக இருப்பவர் இதற்குக் கட்டுப்பட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு இது பொருந்தாது என்று 1898-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் அதே எண்ணுள்ள பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1964-இல் சொன்னது. ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது, உங்களை எந்த நிலையில் அழைக்கிறார்கள் என்பதை. கடவுச்சொல்லைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் இன்னும் முடிவான விடை இல்லை. தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசமைப்பின் 20(3)-ஆவது உறுப்பு தடுக்கிறது என்று டெல்லியில் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் சொன்னது. நீதிமன்ற உத்தரவின்பேரில் கேட்கலாம் என்பது கர்நாடக உயர் நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பின் போக்கு. ஸ்டேஷன் ரைட்டர் மேசையில் எழுதிக் கொடுக்கிற விஷயம் இல்லை அது.

நோட்டீஸ் வந்தபின் எதையும் அழிக்காதீர்கள். சான்றாகக் கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பி.என்.எஸ். பிரிவு 241-இன்படி தனிக் குற்றம். ஒன்றுமில்லாத வழக்கில் பயந்துபோய் அரட்டையை அழித்து, அதனாலேயே சிக்கிக்கொள்பவர்கள் உண்டு.

போனைப் பறிமுதல் செய்தால் மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் குறிப்பு) எழுத வேண்டும். அதில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் நாம் பார்க்கும் மிகப் பெரிய தவறு. நிறுவனம், மாடல், நிறம், இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள் (*#06# அடித்தால் திரையில் வரும், பெட்டியிலும் இருக்கும்), சிம் எத்தனை, மெமரி கார்டு உண்டா, போன் ஆன் நிலையில் இருந்ததா, எத்தனை மணிக்கு எடுத்தார்கள், உறையில் முத்திரை வைத்தார்களா, சாட்சிகள் யார் என்பவை எல்லாம் வேண்டும். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105-இன்படி பறிமுதலை வீடியோவில் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தப் பதிவும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

ஹாஷ் மதிப்பு என்பதைத் தனியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு தரவுத் தொகுப்பின் கைரேகை போன்றது அது. எஸ்.எச்.ஏ.-256 முறையில் 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி கிடைக்கும். உள்ளே ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த வரி முழுவதும் வேறாகிவிடும். மின்னணுச் சான்றோடு தர வேண்டிய, பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழில் இதைக் குறிப்பிட வேண்டும். நடைமுறையில் எங்கே தவறுகிறது? முதல் நாள் எடுத்த போனை உறையில் போடாமல் மேசை அறையில் வைத்துவிட்டு, வாரங்கள் கழித்துத் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஹாஷ் அங்கேதான் முதன்முதலில் எடுக்கப்படுகிறது. இடைப்பட்ட நாட்களில் போன் நெட்டில் இருந்ததா, யாராவது திறந்தார்களா என்பதற்குப் பதிலே இல்லை. ஏரோபிளேன் மோடில் போட்டு, சிம்மைக் கழற்றி, உங்கள் கண்முன் முத்திரையிடச் சொல்வது இதற்காகத்தான்.

‘உரிமையை மீறி எடுத்த சான்று செல்லாது’ என்று பலர் நம்புகிறார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. முறை தவறி எடுத்ததாக இருந்தாலும், பொருத்தமானதாக இருந்தால் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1970-களிலேயே சொல்லிவிட்டது. ஆகையால் மீறலைச் சொல்வதோடு நிற்காமல், சான்று மாறாமல் இருந்ததா என்று தாக்க வேண்டியிருக்கிறது. மகஜரே எழுதாமல் போனை எடுத்திருந்தால், ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது நடுவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். பதிவு செய்யக் கேளுங்கள். பிறகு சொன்னால் யோசித்துச் சொன்னதாகத் தோன்றும்.

‘என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் போனில் தங்கையின் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய ஆதார் நகல் இருக்கிறது. அவற்றை அடுத்தவர் பார்க்க அவர்கள் ஒப்புதல் தரவில்லை. ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கைவைக்கச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவு வேண்டும். 2023-இல் காமன் காஸ், லோக்நீதி அமைப்புகள் வெளியிட்ட கள ஆய்வில், கண்காணிப்புக் கேமராவுக்கு ஆதரவு பலமாக இருந்தது. இந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டவர்களோ சிறுபான்மை. அரசிடம் இருக்கும் தரவு பத்திரமாக இருக்கும் என்று நம்புவதற்கும் எல்லை உண்டு. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்தில் ஊடுருவல் நடந்ததைக் காவல்துறையே தெரிவித்தது.

போனைத் திரும்பப் பெற, அது ஃபார்ம் 95-இல் (பறிமுதல் பொருளை நீதிமன்றத்தில் ஒப்படைக்கும் படிவம்) நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 497-இன்கீழும், வராவிட்டால் 503-இன்கீழும் மனு போடலாம். வாங்கிய பில், ஐ.எம்.இ.ஐ. உள்ள பெட்டி, எஃப்.ஐ.ஆர். நகல், ஆதார் நகல் வேண்டும். ‘ஆய்வக அறிக்கை வரவில்லை’ என்பது அரசுத் தரப்பின் வழக்கமான ஆட்சேபம். தரவை ஹாஷ் மதிப்போடு நகல் எடுத்துக்கொண்டு கருவியைக் கொடுக்கலாமே என்று மனுவிலேயே எழுதுங்கள். பறிமுதலான பொருட்களை 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கத் தேவையில்லை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2002 சுந்தர்பாய் தீர்ப்பையும் குறிப்பிடுங்கள். விற்க மாட்டேன், கேட்கும்போது ஆஜர்படுத்துவேன் என்று பிணை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். கைக்கு வந்ததும் ரீசெட் செய்யத் தோன்றும். வழக்கு முடியும்வரை செய்யாதீர்கள். தினசரிப் பயன்பாட்டுக்கு வேறு போன் வாங்கிக்கொண்டு, இதை அணைத்து உறையில் போட்டு வையுங்கள்.