பி.எஸ்.4 கார் செல்லாது என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு விற்காதீர்கள்

"பி.எஸ்.6 வந்தாச்சு, உங்க வண்டி இனிமே ஓடாது, கிடைச்ச விலைக்குத் தள்ளிவிடுங்க" என்று புரோக்கர் சொன்னதை நம்பி, நல்ல நிலையில் இருந்த காரை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். விஷயம் தெரிந்திருந்தால் அவர்கள் விற்றிருக்கவே மாட்டார்கள்.

பி.எஸ். எனப்படும் பாரத் ஸ்டேஜ் என்பது கார் விடும் புகைக்கு அரசு வைத்த வரம்பு. 2000இல் தொடங்கியது. நாடு முழுக்க 2005இல் பி.எஸ்.2, 2010இல் பி.எஸ்.3, 2017இல் பி.எஸ்.4 என்று இறுக்கினார்கள், ஐந்தைத் தாண்டி 2020 ஏப்ரல் 1இல் நேராக ஆறு. டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு நாலிலிருந்து ஆறுக்கு வந்தபோது கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 ஆகக் குறைந்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஆய்வகத்தில் மட்டுமில்லாமல் சாலையில் ஓட்டியும் அளக்கிறார்கள். இவ்வளவு போதும்.

இந்த வரம்பெல்லாம் கம்பெனி தயாரிக்கும் புது வண்டிக்கு, புதிதாகப் பதிவு செய்யும் வண்டிக்கு. ஏற்கெனவே பதிவான உங்கள் காருக்கு அது பதிவான காலத்து விதிதான். புதுக் காரின் பதிவு 15 வருஷத்துக்கு, அதற்கப்புறம் ஆர்டிஓ ஆபீஸில் காட்டித் தகுதி பார்த்து 5 வருஷம் 5 வருஷமாகப் புதுப்பிக்கலாம். பி.எஸ்.4 என்ற ஒரே காரணத்துக்காகப் புதுப்பிக்க முடியாது என்று யாராவது சொன்னால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் வேறு. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் மட்டும் பி.எஸ்.4 வந்தது, மற்ற ஊர்களில் பி.எஸ்.3 விற்பனை தொடர்ந்தது. ஆக, 2011இல் வாங்கிய ஒரே மாடல் கார் சென்னையில் பதிவானால் ஒன்று, திருநெல்வேலியில் பதிவானால் இன்னொன்றாக இருக்கலாம். விற்கிறவர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு ஆர்சியிலும் வாகன் தளத்திலும் (அரசின் வாகனப் பதிவு இணையதளம்) என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அங்கேதான் அடுத்த தலைவலி. பழைய வண்டிகளின் பி.எஸ். விவரத்தைக் கணினியில் ஏற்றும்போது தப்பாகப் பதிந்திருப்பார்கள், அல்லது அந்த இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். கேட்டால் ஆர்டிஓ ஆபீஸ் டீலரைப் பார் என்னும், டீலர் ஆர்டிஓவைப் பார் என்பார். யாரோ செய்த தப்புக்கு நீங்கள் லீவு போட்டு அலைய வேண்டும். அலையாமல் இருக்க ஒரே வழி, கார் வாங்கிய இன்வாய்ஸும், கம்பெனி கொடுக்கும் படிவம் 22உம் (புகை விதிக்கு உட்பட்டது என்று அதில்தான் இருக்கும்) வைத்து எழுத்து மனு கொடுத்து, கையோடு ஒப்புகை வாங்குவது. வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்தால் அடுத்த முறை போகும்போது மறுபடி முதலிலிருந்து.

இந்தத் தப்பு ஏன் முக்கியம் என்றால், பி.எஸ்.4, பி.எஸ்.6 கார்களுக்குப் புகைச் சான்றிதழ் 12 மாதம் செல்லும், அதற்கு முந்தைய கார்களுக்கு 6 மாதம்தான். புதுக் காருக்கு முதல் ஒரு வருஷம் தேவையில்லை, அப்புறம் கட்டாயம். இல்லாமல் மாட்டினால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் போகலாம். வண்டியைக் கொண்டுபோகாமலே சான்றிதழ் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். சோதனை விவரம் வாகன் தளத்தில் ஏறவில்லை என்றால் அது வெறும் காகிதம், மாட்டுவது நீங்கள்தான்.

டெல்லியிலிருந்து டீசல் கார் மலிவாக வருகிறது என்று ஆசைப்படுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அங்கே 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகள் மேல் கெடுபிடி வந்ததால்தான் அந்த விலை. பழைய ஆர்டிஓவின் என்ஓசி (தடையில்லாச் சான்று) இல்லாமல் இங்கே மறுபதிவு நடக்காது, இங்கத்திய சாலை வரியும் உங்கள் தலையில்தான். "என்ஓசி அடுத்த வாரம் வந்துடும்" என்றால் அட்வான்ஸையும் அடுத்த வாரமே கொடுங்கள்.