வாஞ்சூர் தாண்டினால் வெளிமாநிலம்

மறுபடியும் அதே போன். நாகப்பட்டினத்தில் கம்பிக் கடை வைத்திருப்பவர். திருநள்ளாறு பக்கம் வீடு கட்டும் ஒருவருக்கு மினி லாரியில் கம்பி அனுப்பியிருக்கிறார். கம்பி 70,000 ரூபாய், 18 சதவீத வரி 12,600, ஆக பில் 82,600. சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில் போடவில்லை. காரைக்கால் எல்லைக்குள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். "சனிக்கிழமை சாமி கும்பிடப் போற ஊரு சார் அது. அதுக்குப் போயி பேப்பர் கேட்பாங்களா?" என்கிறார்.

கேட்பார்கள். கேட்டார்கள். அபராதம் வரியைப் போல் இரண்டு மடங்கு, 25,200 ரூபாய். அந்த லோடில் அவருக்கு என்ன நிற்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற மாதிரியான குரலில் அவர் பேசவில்லை.

நாகை, மயிலாடுதுறை பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வரிக் கணக்கும், லாரிக்காரர்களுக்கு வண்டிக் காகிதமும் பார்ப்பது என் தொழில். வாளையார் தாண்டிக் கேரளாவுக்குப் போகிற வண்டிகளால் எனக்குத் தலைவலி குறைவு. நானூறு கிலோமீட்டர் போகிறோம் என்ற பயத்திலேயே எல்லாக் காகிதத்தையும் அடுக்கி வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காரைக்காலுக்குப் போகிற வண்டிதான் ஒவ்வொரு முறையும் மாட்டுகிறது.

காரைக்கால் நம் ஊர்தான், யார் இல்லை என்றது? அதே காவிரித் தண்ணீர், அதே பேச்சு, பாதிப் பேருக்கு அங்கே சம்பந்தி வீடு. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பெற்ற ஊர். 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்து, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பகுதியாகவே இருக்கிறது. தெற்கே வாஞ்சூர், வடக்கே நண்டலாறு, மேற்கே அம்பகரத்தூர் என்று எந்தப் பக்கம் நுழைந்தாலும் சரக்கைப் பொறுத்தவரை நீங்கள் மாநில எல்லையைத் தாண்டுகிறீர்கள். ஜிஎஸ்டி எண் இங்கே 33-இல் தொடங்கும், அங்கே 34-இல். இதில் குழப்பம் வேறு உண்டு. மயிலாடுதுறையின் பின்கோடு 609001, காரைக்காலின் பின்கோடு 609602. இரண்டும் 609 என்பதால், பில் போடும் தம்பி மாநிலம் என்ற இடத்தில் யோசிக்காமல் தமிழ்நாட்டைத் தட்டிவிடுகிறார்.

சரி, இப்போது என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "ஐம்பது கிலோமீட்டருக்குள்ள இ-வே பில் வேண்டாம்." இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, புக்கிங் ஆபீஸ் முதல் டீக்கடை வரை எல்லோரும் இதைச் சட்டம் மாதிரி சொல்கிறார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. விதியில் இருப்பது வேறு. உங்கள் கடையிலிருந்து லாரி புக்கிங் ஆபீஸ் குடோன் வரை சரக்கு போகிறது. அங்கிருந்து வேறு வண்டியில் ஏறி மேலே போகப்போகிறது. அந்த முதல் துண்டு ஒரே மாநிலத்துக்குள் 50 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது மட்டும், அந்த முதல் துண்டுக்கு மட்டும், இ-வே பில்லின் 'பார்ட் பி'யில் வண்டி எண்ணைப் போட வேண்டியதில்லை. சரக்கு விவரம் எழுதும் பார்ட் ஏ அப்போதும் வேண்டும். ஆக இது வண்டி எண்ணுக்குக் கொடுத்த சலுகை, பில்லுக்குக் கொடுத்தது இல்லை. ஒரே மாநிலத்துக்குள் என்று வேறு தெளிவாகப் போட்டிருக்கிறது. நாகூரிலிருந்து திருப்பட்டினம் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் இந்தச் சலுகை அதற்கு எந்த வகையிலும் பொருந்தாது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும், கடைசியில் "ஆனா ஐம்பது கிலோமீட்டருக்குள்ளதானே சார்?" என்று ஆரம்பித்த இடத்துக்கே வருகிறார்கள்.

தொகையிலும் இதே கதை. தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்குக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை இ-வே பில் தேவையில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் கம்பிக் கடைக்காரர் வண்டியை அனுப்பினார். மாநிலம் தாண்டினால் வரம்பு 50,000. 2018 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க இதுதான் கணக்கு. வரியையும் சேர்த்துத்தான் அந்த 50,000.

இதைவிட நுணுக்கமான ஒன்று டெல்டாக்காரர்களை மட்டும் குறிவைத்தது போல் இருக்கிறது. நாகையில் ஏற்றிச் சீர்காழியில் இறக்குகிறீர்கள். இரண்டும் தமிழ்நாடு. ஆனால் வண்டி கிழக்குக் கடற்கரை வழியாக வாஞ்சூரில் நுழைந்து, காரைக்காலைக் கடந்து, நண்டலாற்றில் வெளியே வருகிறது. விற்பனை ஒரே மாநிலத்துக்குள் நடந்தாலும் சரக்கு இன்னொரு மாநிலம் வழியாகப் போனால் இ-வே பில் வேண்டும் என்று 2018 ஜூனில் வந்த 47-ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை சொல்லிவிட்டது. பில்லில் வரி மாறாது. மத்திய வரி, மாநில வரி என்று பாதிப்பாதி போட்டால் போதும். இ-வே பில் மட்டும் வேண்டும். திருவாரூர், மயிலாடுதுறை என்று சுற்றிப் போகிற வண்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. டிரைவர் எந்த வழியில் போகப்போகிறார் என்று பில் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். யாருமே கேட்பதில்லை.

எல்லையை ஒட்டிய சின்னக் கடைகளுக்கு இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. காம்போசிஷன் திட்டத்தில் (சின்னக் கடைகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது. நாகூரில் கடை வைத்துக்கொண்டு வாஞ்சூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியை அனுப்பி, பில்லும் போட்டால், அந்தத் திட்டத்தில் இருக்கும் தகுதியே போய்விடும். ஜிஎஸ்டி பதிவே எடுக்காத கடை என்றால், வரி உள்ள சரக்கை ஒருமுறை வெளிமாநிலத்துக்கு விற்றாலும் விற்றுமுதல் எவ்வளவு என்ற பேச்சே இல்லாமல் பதிவு எடுக்க வேண்டும். காரைக்கால் வாடிக்கையாளர் கடைக்கே வந்து வாங்கிப் போனால்? பதிவில்லாத வாடிக்கையாளராக இருந்து, பில்லில் அவருடைய காரைக்கால் முகவரியை எழுதினால், 2023 அக்டோபர் முதல் அது காரைக்காலில் நடந்த விற்பனையாகவே கருதப்படும், அதாவது வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி வரி. தெரியாமல் மாநில வரி போட்டுக் கட்டியிருந்தால், சரியான வரியைக் கட்டிவிட்டு முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்கலாம், வட்டி கிடையாது. ஆனால் அந்தக் காசு திரும்பி வரும்வரை முடங்குவது உங்கள் முதல்தான்.

வரி முடிந்தது. அப்புறம் பர்மிட். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது மீன் வண்டிக்காரர்கள். ஐஸ் போட்ட பச்சை மீனுக்கு வரி இல்லை, இ-வே பில்லும் வேண்டாம். சரி. அதனால் எந்தக் காகிதமும் வேண்டாம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? இ-வே பில் சரக்குக்கு. பர்மிட் வண்டிக்கு. மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு மாநிலத்து பர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல வேண்டுமென்றால், அந்த மாநிலத்தின் மேலொப்பம், அதாவது அங்கும் செல்லும் என்ற ஒப்புதல் கையெழுத்து, வேண்டும். இல்லையென்றால் நேஷனல் பர்மிட்டோ, தற்காலிக பர்மிட்டோ எடுக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத வண்டிக்கு பர்மிட்டே தேவையில்லை என்பதால் குட்டி யானைக்காரர்களுக்குக் கவலை இல்லை. பிக்கப் வண்டிகளில் மாடலுக்கு மாடல் எடை மாறும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பாமல் ஆர்சியை எடுத்துப் பாருங்கள்.

"வண்டி காலியாத்தான் போச்சு, டீசல் போடத்தான் போனோம்." காரைக்காலில் டீசல் விலை குறைவு, நியாயம்தான். ஆனால் 66-ஆம் பிரிவு, சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பர்மிட் வேண்டும் என்கிறது. பழுது பார்க்கக் காலியாகப் போகும் வண்டிக்கு விலக்கு உண்டு. வெள்ளம், சாலை அடைப்பு என்று வேறு வழியில் திரும்ப நேர்ந்த வண்டிக்கும் உண்டு. கஜா புயல் மாதிரி ஒரு சமயத்தில் அது கைகொடுக்கும். மலிவு டீசலுக்கு விலக்கு எழுதி வைக்கவில்லை. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் இருக்கிறது. லிட்டருக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அதே சட்டத்தின் 88-ஆம் பிரிவில் ஒரு நல்ல சலுகை இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, நடுவில் அடுத்த மாநிலத்தில் ஓடும் தூரம் 16 கிலோமீட்டருக்கு மிகாமல் இருந்தால், மேலொப்பம் இல்லாமலே உங்கள் பர்மிட் அங்கே செல்லும். காரைக்காலில் ஏற்றினாலோ இறக்கினாலோ இது கிடையாது. 'பத்து நிமிஷ ரோடுதான்' என்பதும் கணக்கு ஆகாது. எல்லையில் ஓடோமீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நேஷனல் பர்மிட் எடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிஒய்-02 என்ற காரைக்கால் பதிவெண் வண்டி காரைக்கால் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றி அரியலூரில் இறக்கலாம். திரும்பும்போது சும்மா வருவானேன் என்று அரியலூரில் சிமென்ட் ஏற்றி நாகையில் இறக்கக் கூடாது. சொந்த மாநிலம் அல்லாத ஒரு மாநிலத்துக்குள்ளேயே ஏற்றி இறக்க நேஷனல் பர்மிட் இடம் கொடுக்காது. அரியலூரில் ஏற்றிக் காரைக்காலிலேயே இறக்குங்கள், தாராளமாக.

அபராதத்தோடு போனால் பரவாயில்லை என்றுகூடச் சொல்வேன். விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பயம். பர்மிட் இல்லாத வண்டி மோதி ஒருவர் இறந்துவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அந்தக் குடும்பத்துக்குப் பணத்தைக் கட்டிவிட்டு வண்டி முதலாளியிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். அம்ரித் பால் சிங் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் கடைசியில் வீட்டையும் நிலத்தையும் விற்க வேண்டியது முதலாளிதான். தயவுசெய்து இந்த ஒரு பத்தியையாவது டிரைவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

வண்டியை நிறுத்திவிட்டார்கள் என்றால் பதறாதீர்கள், கத்தவும் வேண்டாம். பேரில் எழுத்துப் பிழை, வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறியது போன்ற சின்னத் தவறுகளுக்கு இரண்டு மடங்கு அபராதம் போடக் கூடாது. 2018 செப்டம்பரில் வந்த 64-ஆம் எண் சுற்றறிக்கைப்படி மத்திய வரிச் சட்டத்தில் 500, மாநில வரிச் சட்டத்தில் 500, வெளிமாநிலச் சரக்கென்றால் மொத்தம் 1,000. அதைக் காட்டிக் கேளுங்கள். வரியில்லாத சரக்கென்றால், முதலாளி முன்வந்து கட்டும்போது மதிப்பில் 2 சதவீதம் அல்லது 25,000, எது குறைவோ அது. அரை மணி நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்தி வைத்தால் இ-வே பில் தளத்திலேயே 'இடபிள்யூபி-04' படிவத்தில் பதியலாம். இப்படி ஒன்று இருப்பதே லாரிக்காரர்களுக்குத் தெரியாது. காசு கட்டினால் ரசீது, உத்தரவு நகல், இரண்டும் கையில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இரண்டு மாநிலமும் ஒன்றுமே பேசிக்கொள்வதில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு மாநிலத்தில் போட்ட இ-வே பில் எல்லா மாநிலத்திலும் செல்லும். ஓர் இடத்தில் சரக்கை இறக்கிச் சோதித்துவிட்டால், வரி ஏய்ப்பு என்று குறிப்பான தகவல் வந்தாலொழிய வழியில் வேறெங்கும், அடுத்த மாநிலத்திலும்கூட, மறுபடி சோதிக்கக் கூடாது. வாஞ்சூரில் சோதித்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்தால் நண்டலாற்றில் காட்டலாம். 2010 மே மாதம் முதல் ஒரே கட்டணத்தில் நாடு முழுக்க நேஷனல் பர்மிட் செல்வதும் மாநிலங்கள் ஒத்துக்கொண்டதால் வந்ததுதான். அதற்கு முன் மாநிலம் மாநிலமாக டிராப்ட் எடுத்த காலத்தைப் பழைய லாரி முதலாளிகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ஆனால் மயிலாடுதுறை, நாகை, திருவாரூர், காரைக்கால் என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இந்த நாலு மாவட்டத்துக்குள் மட்டும் ஓடுகிற நடுத்தர வண்டிக்கு, ஆண்டுக்கு 16,500 ரூபாய் கட்டி நேஷனல் பர்மிட் எடு என்பது என் பார்வையில் நியாயமில்லை. இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இரண்டு மாநிலங்கள் பரஸ்பர ஒப்பந்தம் போட்டு இத்தனை வண்டிக்கு மேலொப்பம் என்று முடிவு செய்யலாம். போடும் முன் வரைவை அரசிதழிலும் உள்ளூர் மொழிப் பத்திரிகையிலும் வெளியிட்டு, கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பைப் படிக்கிற லாரி சங்கத்தை நான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை. அபராதம் போட்ட மறுநாள் சாலை மறியலுக்கு மட்டும் எல்லோரும் வருகிறார்கள்.

அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வாஞ்சூர், நண்டலாறு, அம்பகரத்தூர் மூன்று வழியிலும் ஒரு மாதத்தில் எந்த வண்டி, என்ன சரக்கு, எவ்வளவு தூரம் என்று சங்கம் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். அதை வைத்து இரு மாநிலப் போக்குவரத்துத் துறைக்கும் ஒரே மனுவாகக் கொடுக்கலாம். உள்ளூர்ச் சரக்குக்கு 50,000 வரம்பைத் தளர்த்தச் சொல்லி ஜிஎஸ்டி கவுன்சிலுக்கும் கேட்கலாம், அங்கே தமிழ்நாடும் புதுச்சேரியும் உட்கார்ந்திருக்கின்றன. மனு எழுதித் தருவது என் வேலை, அதற்குக் கட்டணம் வேண்டாம். நோட்டை நீங்கள் எழுதிக் கொண்டு வாருங்கள்.