காது டெஸ்ட் ரூம்ல ஃபேன் ஏன் ஓடக்கூடாது?

இஎன்டி கிளினிக்னா எண்டோஸ்கோபி கேமரா இருக்கா, மைக்ரோஸ்கோப் இருக்கான்னுதான் எல்லாரும் பாப்பாங்க. என்னைக் கேட்டா முதல்ல காது டெஸ்ட் பண்ற ரூமைத்தான் பாக்கணும்.

ஆடியோமெட்ரிங்கிற இந்த காது டெஸ்ட்ல ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு 250ல இருந்து 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒவ்வொரு டோனா குடுப்பாங்க, கேட்டா பட்டனை அமுக்கணும். அமுக்கினா 10 டெசிபல் குறைப்பாங்க, அமுக்கலைன்னா 5 ஏத்துவாங்க, இப்படியே இறக்கி ஏத்தி உங்க காதுக்குக் கேக்குற ஆகக் குறைஞ்ச சத்தத்தைப் புடிச்சுருவாங்க. பெரியவங்களுக்கு 25 டெசிபலுக்குள்ள இருந்தா பொதுவா நார்மல்னு சொல்லுவாங்க.

அவ்ளோ சின்ன சத்தத்தைத் தேடுற எடத்துல ஃபேன் ஓடினா? ஃபேன், ஏசி, ரோட்ல போற பஸ் எல்லாமே பெரும்பாலும் 'ம்ம்ம்'ங்கிற கனமான சத்தம், ஹெட்ஃபோன் மெத்தை கீச்சு சத்தத்தைத் தடுக்குற அளவுக்கு இதைத் தடுக்காது. 250, 500 ஹெர்ட்ஸ் மாதிரி கனமான டோன் அதுக்குள்ள அமுங்கிப்போய், நல்லா இருக்குற காதுக்கும் ரிப்போர்ட் கிராஃப்ல அந்த டோனுங்க இருக்குற இடது பக்கம் கீழ தொங்கும், அதாவது அங்க கேக்கலைன்னு காட்டும். அடுத்து காதுக்குப் பின்னாடி எலும்புல குட்டி வைப்ரேட்டர் வச்சு, நடுக்காதைத் தாண்டி நேரா உள்காதை டெஸ்ட் பண்ணுவாங்க, அப்ப காது தொறந்தே கெடக்கும், ரூம் இன்னும் கப்சிப்னு இருக்கணும்.

சரி, ரூம் கட்டியாச்சு, ஆளு? ஒரு காது சுத்தமா கேக்காதவருக்கு அந்தப் பக்கம் சத்தத்தை ஏத்திட்டே போனா, 50, 60 டெசிபல்லயே அது மண்டையோடு வழியா நல்ல காதுக்குத் தாண்டிடும், அவரும் பட்டனை அமுக்கிடுவாரு. மெஷின் தப்பும் இல்ல, பேஷண்ட் பொய்யும் சொல்லல, ஆனா செத்த காதுக்குப் பாதி கேக்குதுன்னு ரிப்போர்ட் வந்துரும். இதைத் தடுக்க நல்ல காதுல 'உஸ்ஸ்'னு இரைச்சல் விடுவாங்க, பேரு மாஸ்கிங். கம்மியா விட்டா பத்தாது, ஜாஸ்தியா விட்டா அதுவே இந்தப் பக்கம் வந்து குழப்பும். இந்தக் கணக்குக்குத்தான் ஆடியாலஜிஸ்ட் வேணும், அதாவது பிஏஎஸ்எல்பிங்கிற கேட்பு, பேச்சு சம்பந்தமான டிகிரி படிச்சவங்க; மைசூர்ல 1965லயே இதுக்குன்னு தனி இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சாங்க. ரிசப்ஷன்ல இருக்குறவருக்கு ஒரு வாரம் சொல்லிக்குடுத்து உக்கார வைக்கிற சீட் இல்ல அது.

இன்னொண்ணு, ஹெட்ஃபோனும் மெஷினும் ஜோடியாத்தான் காலிபரேட் ஆகும், அதாவது காட்டுற அளவும் வர்ற சத்தமும் ஒத்துப்போற மாதிரி சரிபாத்து வைப்பாங்க, வேற ஹெட்ஃபோனைச் சும்மா மாத்திச் சொருகினா ரீடிங் போச்சு. வருஷத்துக்கு ஒருதடவை காலிபரேஷன் பண்ணணும், கீழ போட்டா உடையலைன்னாலும் திரும்பப் பாக்கணும், தினமும் காலையில ஆடியாலஜிஸ்ட் தானே மாட்டிக் கேட்டுப் பாக்கணும். காலிபரேஷன் பண்ணின தேதியை வழக்கமா மெஷின்லயே ஸ்டிக்கரா ஒட்டியிருப்பாங்க, இல்லன்னா கேளுங்க, ஒழுங்கா நடத்துறவங்க யாரும் கோச்சுக்க மாட்டாங்க.