நியூரோஇன்பர்மேட்டிக்ஸ்: நரம்புத் தகவலியல்

மூளையிலிருந்தும் நரம்பு மண்டலத்திலிருந்தும் கிடைக்கும் தரவுகளைச் சேமித்து, ஒழுங்குபடுத்தி, முன்பின் தெரியாத இன்னொருவரும் எடுத்து ஆராயும்படி பகிர்வதற்கான துறை நியூரோஇன்பர்மேட்டிக்ஸ். எம்.ஆர்.ஐ. படம், மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி. அலை, நுண்ணோக்கியில் தெரியும் நரம்பணு எல்லாம் இதில் அடக்கம். மூளையின் இயக்கத்தைக் கணினியில் போலச்செய்து பார்ப்பதும் உண்டு.

'நியூரான்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தசைநாண், வில்நாண் என்பதே பழைய பொருள். நரம்பணுவுக்கு அந்தப் பெயரை 1891-இல் வைத்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் வால்டையர். நம் 'நரம்பு'ம் இப்படிப் பல பொருள் தாங்கிய சொல்தான். தொல்காப்பியம் 'நரம்பின் மறை' என்பது யாழின் நரம்பை வைத்து இசைநூலைச் சொல்வது. இன்றும் ஊசி போட வந்தவர் "நரம்பே கிடைக்கலையே" என்றால், அவர் தேடுவது ரத்தக்குழாயை!

சொல்லின் பின்பாதியான 'இன்பர்மேட்டிக்ஸ்' நேற்று வந்தது. 1957-இல் கார்ல் ஸ்டைன்புக் ஜெர்மன் மொழியில் 'இன்ஃபர்மாட்டிக்' என்று எழுதினார். 1962-இல் பிலிப் ட்ரேஃபுஸ் பிரெஞ்சு வடிவத்தைக் கொடுத்தார். அமெரிக்காவில் 1993-இல் தொடங்கிய மனித மூளைத் திட்டம் இத்துறைக்கு ஊக்கம் தந்தது. 2005-இல் இதற்கென ஒரு பன்னாட்டு ஒருங்கிணைப்பு அமைப்பும் உருவானது. அதன் தலைமையகம் ஸ்டாக்ஹோம். ஜெர்மன் பேசும் நாடுகளில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. அங்கே 'நியூரோஇன்ஃபர்மாட்டிக்' என்ற சொல், நரம்பணுக்களைப் பார்த்துக் கணினியில் அமைக்கும் செயற்கை நரம்பு வலைப்பின்னல் ஆய்வையும் குறிக்கும்.

தமிழில் 'நரம்பியல் தகவலியல்' என்றால் இரண்டு 'இயல்' இடிக்கிறது. நரம்பியல் என்றதும் ஆஸ்பத்திரிப் பிரிவுதான் நினைவுக்கு வருகிறது. 'மூளைத் தகவலியல்' எளிது, ஆனால் தண்டுவடம் வெளியே போய்விடும். 'உயிரித் தகவலியல்' ஏற்கெனவே புழங்குவதால், அதே அச்சில் 'நரம்புத் தகவலியல்' என்பதே என் தேர்வு.

இதில் 'தகவல்' என்ற பாதிக்குத்தான் கனம் அதிகம். பழைய 'அனலைஸ்' வடிவக் கோப்பில் மூளைப்படம் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பது தெளிவாகப் பதிவாகாது. ஒரு மென்பொருளுக்கு இடம், இன்னொன்றுக்கு வலம். பேச்சுக்கான பகுதி பெரும்பாலோருக்கு இடப்பக்கம் இருக்கும்போது, இது விளையாட்டுக் காரியமா? 2000-களின் தொடக்கத்தில் வந்த 'நிஃப்டி' வடிவம் திசையைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைத்தது. 2016-இல் வெளியான, கோப்புகளுக்குப் பெயரிட்டு அடுக்கும் 'பிட்ஸ்' ஒழுங்கு இன்னொரு படி போனது: யாருடைய மூளை, என்ன வேலை செய்தபோது எடுத்தது, எந்த வகைப் படம் என்பதெல்லாம் கோப்பின் பெயரிலேயே இருக்கும். யாருடையது என்பதற்கு ஆளின் பெயர் கிடையாது, ஓர் அடையாளக் குறி மட்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024-இல் வெளியிட்ட 'தரணி', கருவிலுள்ள சிசுவின் மூளைக்கான நிலப்பட ஏடு. 5,132 வெட்டுத்துண்டுகளின் படங்கள் அதில் உள்ளன. யாரும் இணையத்தில் திறந்து பார்க்கலாம்.

கற்க நினைப்பவருக்குப் பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எம்.ஆர்.ஐ. படங்களுக்கு 'நைலேர்ன்', ஈ.ஈ.ஜி.க்கு 'எம்.என்.இ.', நரம்பணு மாதிரிகளுக்கு 'நியூரான்', 'பிரையன்'. எல்லாம் இலவச மென்பொருள்கள். தரவுக்கு 'ஓப்பன்நியூரோ' களஞ்சியம் இருக்கிறது, ஆனால் அங்கே கோப்புகள் பெரியவை. முதலில் நைலேர்னோடு வரும் சிறிய மாதிரித் தரவை இறக்கி ஒரு படத்தை வரைந்து பாருங்கள். அப்புறம் களஞ்சியத்துக்குப் போகலாம்.