திட்டினால் வேகம் கூடுமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய பதின்மூன்று வயது மகள் உதகையில் 1,500 மீட்டர் ஓட்டம் பழகுகிறாள். பயிற்சியாளரும் தந்தையும் போட்டி போட்டுக்கொண்டு அவளைத் திட்டுகிறார்கள். "எருமை மாதிரி ஓடுற" என்பது அந்த வசவுகளில் அச்சில் ஏற்றக்கூடியது. தாய்க்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் திட்டு வாங்கிய மறுநாள் மகள் வேகமாக ஓடுவதைத் தாமே பார்த்திருப்பதாகவும், அப்படியானால் திட்டு பலிக்கத்தானே செய்கிறது என்றும் கேட்கிறார்.

மகளின் நோட்டுப் பக்கம் ஒன்றையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் ஆறு நாள் டைமிங்: 5:42, 5:38, 5:54, 5:41, 5:31, 5:40. மூன்றாவதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். வசவு விழுந்தது அன்றுதான். ஐந்தாவதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அன்று தந்தை மனம் குளிர்ந்து வர்க்கி வாங்கித் தந்தாராம். மறுநாளே ஒன்பது விநாடி பின்தங்கியதும், "பாராட்டினால் தலைக்கனம் ஏறிவிடும்" என்று முடிவு கட்டிவிட்டார்.

இந்த ஆறின் சராசரி 5:41. அந்தப் பெண்ணின் இன்றைய திறன் ஏறத்தாழ அதுதான். மீதி ஏற்ற இறக்கமெல்லாம் அந்தந்த நாளின் வரவு: இரவுத் தூக்கம், காலையில் புல்லில் படிந்த உறைபனி, எதிர்க்காற்று, கூட ஓடியவர்கள். 5:54 என்ற மோசமான நேரம் வர, பாதகமானவை பல ஒரே காலையில் கூடி வந்திருக்க வேண்டும். அவை அத்தனையும் மறுநாளும் கூடி வருவது அரிது என்பதால், யாரும் வாய் திறக்காவிட்டாலும் நேரம் 5:41-ஐ நோக்கித் திரும்பவே வாய்ப்பு அதிகம். 5:31-க்கும் இதே கணக்குதான், திசை மட்டும் எதிர்.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு பகடையை உருட்டிப் பாருங்கள். 1 விழுந்தால் அதைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு மறுபடி உருட்டுங்கள். ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு, எண் கூடும். 6 விழுந்தால் மெச்சுங்கள்; அதே ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு, எண் இறங்கும். பகடைக்குக் காது கிடையாது.

இதற்குச் 'சராசரிக்குத் திரும்புதல்' என்று பெயர். 205 பெற்றோர் இணைகளையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் அளந்த தரவைக் கொண்டு, மிக நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் அவ்வளவு நெட்டையாக இருப்பதில்லை என்று 1886இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் காட்டினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்களிடம் பாராட்டின் பயனை விளக்கியபோது, அவர்களில் ஒருவர் நம் தந்தையின் வாதத்தையே எடுத்து வைத்தார். கானமன் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு குறி வரைந்து, ஒவ்வொருவரையும் முதுகு காட்டி நின்று இரண்டு நாணயங்களை அதை நோக்கி எறியச் சொன்னார். முதல் வீச்சில் சிறந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் சறுக்கினார்கள். முதலில் சொதப்பியவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். இடையில் யாரும் யாரையும் திட்டவில்லை. நான் படித்த அறிவியல் பாடங்களில் இவ்வளவு மலிவான கருவியோடு இவ்வளவு ஆழமான ஒன்றைக் காட்டிய சோதனை வேறில்லை. மோசமான நாளில் மட்டுமே திட்டுபவருக்கு மறுநாள் பரிசு கிடைக்கிறது. நல்ல நாளில் மட்டுமே பாராட்டுபவருக்குத் தண்டனை கிடைக்கிறது. இப்படித்தான் இயற்கை பெரியவர்களுக்குத் தவறான பாடத்தைப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கிறது.

நீலகிரியில் இன்னொரு மயக்கமும் சேர்ந்துகொள்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் இங்கே கிடைக்கும். ஏறக்குறைய இதே உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் 1968 ஒலிம்பிக் நடந்தபோது நெடுந்தொலைவு ஓட்டங்கள் மந்தப்பட்டது இதனால்தான். இங்கே பழகிய பிள்ளை கோவையில் இறங்கி ஓடும்போது டைமிங் குறைந்தால், அந்தப் பெருமை முந்தின நாள் பஸ்ஸில் விழுந்த திட்டுக்குப் போய்விடுகிறது. வளரும் வயதில் மாதக்கணக்கில் தானாகவே கூடும் வேகமும் அதே கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது.

மிளகாய் சுற்றித் திருஷ்டி கழிப்பதும் இந்த வகைதான். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது சுற்றினால் மறுநாள் இறங்கத்தான் செய்யும். ஆனால் மிளகாயால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. வசவு அப்படிப்பட்டதன்று. அச்சத்தில் அட்ரீனலின் என்ற ஹார்மோன் சட்டென்றும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சற்றுத் தாமதமாகவும் ஏறுகின்றன, தசை இறுகுகிறது, பழகிப்போய்த் தானாக நடக்க வேண்டிய காலடியை மனம் கண்காணிக்கத் தொடங்கி ஓட்டத்தின் தாளத்தைக் குலைக்கிறது. ஓடுதளம் அமைக்கப் பணம் ஒதுக்கத் தயங்காத நாம், அதன் மேல் நடக்கும் பயிற்சி பலிக்கிறதா என்று அளந்து பார்க்க ஒரு புள்ளியியலாளருக்குச் சம்பளம் தரவும் ஒதுக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அதுவரை அந்தத் தந்தையே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு மாதம், டைமிங் மோசமான ஒவ்வொரு நாளும் அவர் ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், "காலை நல்லா வீசு, கையைத் தளர்த்து" என்று பாடம் மட்டும் சொல்லட்டும். பூ விழுந்தால் ஸ்டாப்வாட்சை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் டீ குடிக்கப் போய்விடட்டும். மறுநாள் நேரத்தை நோட்டில் தனித்தனி வரிசையாக மகளே எழுதட்டும். பேசாமல் போன நாட்களின் வரிசையிலும் எண்கள் 5:41 பக்கமாகத் திரும்பி வருவதை அவரே பார்ப்பார்.