பிரேக் டவுன் ஆன லாரியை போலீஸ் இழுத்தபோது ஆன சேதம்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

தொப்பூர் கணவாயில் தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் முழுக்க இறக்கம். அங்கே ஒரு லோடு லாரி நடு லேனில் நின்றுபோனால், பின்னால் பிரேக் பிடிக்கத் திணறி வருகிற வண்டிகளுக்கு அதுவே எமன். அதனால் போலீஸ் வந்ததும் "முதலில் வண்டியை எடு" என்று அவசரப்படுத்துவதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். உயிர்தான் முதலில். நான் குறை சொல்வது இழுக்கும் விதத்தைத்தான்.

மோட்டார் வாகன இழப்புகளை மதிப்பிடும் சர்வேயராக கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் வேலை செய்கிறேன். பழுதாகி நின்ற லாரியை போலீஸ் வரவழைத்த கிரேனோ ஜேசிபியோ ஓரம் தள்ளியதில் ஏற்பட்ட சேதத்தோடு ஓனர்கள் வருவார்கள். சேதம் உண்மை. செலவும் உண்மை. ஆனால் கையில் ஒரு காகிதம்கூட இருக்காது. "போலீஸ்கிட்ட என்ன சார் கேட்க முடியும்?" என்பார்கள். கேட்க முடியும். ஆனால் அதற்கு வண்டியின் பழுது எது, இழுத்ததால் வந்த சேதம் எது என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் போலீஸும் கொடுக்காது, இன்சூரன்சும் கொடுக்காது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவுப்படி, ஆளில்லாமல் விடப்பட்ட அல்லது சிதைந்த நிலையில் போக்குவரத்துக்கு ஆபத்தாக நிற்கும் வண்டியை உடனே அகற்றச் சொல்ல போலீஸ் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இழுக்கும் கூலி ஓனர் தலையில். 201ஆவது பிரிவு போக்குவரத்தை மறித்து நிற்கும் வண்டிக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. எதிர்பாராமல் பழுதாகி, அகற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அந்த அபராதம் பொருந்தாது. இது பல டிரைவர்களுக்குத் தெரிவதில்லை. அகற்றும் வேலை நடக்கிறது என்று எப்படிக் காட்டுவது? வண்டி நின்ற உடனே 1033க்கு ஒரு போன். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது, கட்டணம் கிடையாது. சுங்கச் சாலையில் ரோந்து வண்டியும் கிரேனும் வைத்திருப்பது சாலையை நடத்துகிறவர்களின் கடமை. அந்த அழைப்பு உங்கள் போனில் நேரத்தோடு பதிவாகியிருக்கும். மெக்கானிக்குக்குப் பேசிய அழைப்பும் அப்படித்தான். இரண்டையும் அழிக்காதீர்கள்.

சட்டம் கொடுத்த அதிகாரம் அகற்றுவதற்குத்தான். லத்தியால் கண்ணாடியை உடைக்கவோ, டயரில் காற்றைப் பிடுங்கவோ, ஏர் ஹோஸை அறுக்கவோ எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆவது பிரிவில் வரும் சொத்துச் சேதக் குற்றம். சேதம் 20,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு தண்டனை, 1 லட்சத்தைத் தொட்டால் அதைவிடப் பெரிய தண்டனை. கவனக்குறைவாக இழுத்ததில் பேரிங் எரிந்துபோவது வேறு வகை. அதில் கெட்ட எண்ணத்தை நிரூபிப்பது கடினம். அது நஷ்ட ஈட்டுக் கணக்கில்தான் வரும்.

இனி வண்டிக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பணம் போவது இங்கேதான்.

லாரியில் ஏர் இறங்கிவிட்டால் பின் சக்கர பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளும். பிரேக்கை இயக்கும் சேம்பருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைக் காற்றுதான் அமுக்கி வைத்திருக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துவிடும். அந்த நிலையில் கிரேன் இழுத்தால் சக்கரம் சுற்றாமல் தார் மேலே தேய்ந்துகொண்டே போகும். டயர் ஒரே இடத்தில் பட்டையாகத் தேயும், சில சமயம் நூல் வெளியே தெரியும். சக்கரம் விட்டுவிட்டுச் சுற்றினால் பிரேக் லைனர் கருகும், டிரம் சூடேறி விரிசல் விடும். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, கிரேனில் வண்டியைக் கட்டிய பிறகு, சேம்பரின் பின்புறம் இருக்கும் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கட்டை போடாமல், கிரேன் பிடிக்காமல் இதைச் செய்யவே கூடாது. இறக்கத்தில் வண்டி உருண்டு ஓடிவிடும்.

அடுத்தது கியர்பாக்ஸ். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸின் கீழே இருக்கும் ஷாஃப்ட் சுற்றாது, ஆயிலை மேலே வாரி இறைக்காது. பின் சக்கரம் தரையில் உருண்டால் மேலே இருக்கும் மெயின் ஷாஃப்ட் மட்டும் ஆயிலில்லாமல் சுற்றும். கொஞ்ச தூரம் தாங்கும். கணவாயிலிருந்து ஸ்டேஷன் வரை இழுத்தால் பேரிங்குகள் நீலம் பாய்ந்துவிடும். அதனால்தான் இழுக்கும் முன், கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், அல்லது ஆக்சில் ஷாஃப்டுகளை உருவ வேண்டும். பழக்கப்பட்ட ஆளுக்கு இது பெரிய வேலையே இல்லை. ஆனால் நடுரோட்டில் வாகனங்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது அதற்கு யாரும் பொறுமை காட்டுவதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், கியர்பாக்ஸ் சேதம் அன்றே தெரியாது. மாம்பழ சீசனில் கூழ் ஆலைக்கு லோடு ஏற்றிப் போன பத்துச் சக்கர வண்டி ஒன்று கிளட்ச் போய் நின்றது. போலீஸ் கூப்பிட்ட கிரேன் முன் ஆக்சிலில் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் கிளட்ச் மாற்றி வண்டி கிளம்பியது. சில நாள் கழித்து ஓட்டத்திலேயே கியர்பாக்ஸ் ஊளையிட ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தபோது மெயின் ஷாஃப்ட் பேரிங்கில் நீலக் கறை, கீழ் ஷாஃப்ட் பேரிங்குகள் புத்தம் புதிதுபோல இருந்தன. ஆயிலில்லாமல் மேல் ஷாஃப்ட் மட்டும் சுற்றியதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். முன் சக்கரங்களை இணைக்கும் டை ராடும் வளைந்திருந்தது. ஆனால் டிரைவர் வண்டியை எடுக்கும்போது "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வரிதான் ஓனரின் கையைக் கட்டிப்போட்டது.

அந்தக் காகிதத்தைப் பற்றி ஒவ்வொரு டிரைவருக்கும் ஓனர்கள் சொல்லி வைக்க வேண்டும். ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கச் சொன்னால் எழுதுங்கள், தகராறு வேண்டாம். ஆனால் "கீழ்க்கண்ட சேதங்களுடன் பெற்றுக்கொண்டேன். உள்பாகங்கள் இன்னும் சோதிக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். கீழே கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் வரிசையாக எழுதுங்கள். அப்புறம் அதை போனில் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். அப்படி எழுத விடமாட்டோம் என்றால், வெளியே வந்த உடனே அதையே ஒரு மனுவாக எழுதி மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அன்றைய தேதி முத்திரை பின்னால் மிகப்பெரிய பலம்.

படம் எடுப்பதும் இப்படித்தான். போலீஸ் வரும் முன்பே, வண்டி நின்ற நிலையில் நாலு பக்கமும், முன் பம்பர், டயர்கள், அடியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிலோமீட்டர் காட்டும் மீட்டர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கொக்கி எங்கே மாட்டுகிறார்கள் என்பது தெரியும்படி ஒரு படம், கிரேனின் நம்பர் பிளேட் ஒரு படம். முகத்துக்கு நேரே போனை நீட்டிப் போலீஸைப் படம் பிடித்தால் நிலைமை முற்றும். கிளீனர் தள்ளி நின்று வண்டியை மட்டும் எடுத்தால் போதும். "ஷாஃப்ட் கழற்றாமல் இழுத்தால் கியர்பாக்ஸ் போயிடும் சார், பத்து நிமிஷம் கொடுங்க" என்று டிரைவர் சத்தமாக, மரியாதையாகக் கேட்பது அந்த வீடியோவில் பதிவாக வேண்டும். எச்சரித்த பிறகும் இழுத்தார்கள் என்பது வழக்கில் நிறைய மாற்றும். அதோடு சாலையில் கல்லும் மரக்கிளையும் வைப்பதை விடுங்கள், முக்கோணப் பிரதிபலிப்பானை வைத்து அதையும் படம் எடுங்கள். எச்சரிக்கை வைக்கவில்லை என்று உங்கள் மேலேயே திருப்புவார்கள்.

வழக்கு எதுவும் பதியாமல் வண்டியை ஸ்டேஷன் வளாகத்தில் நிறுத்தி வைத்திருந்தால், எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள். வழக்கு இருந்தால், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலமாக வண்டியைத் திருப்பிக் கேட்கலாம். வண்டிகளை ஸ்டேஷனில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்காதீர்கள், படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002லேயே சொல்லிவிட்டது. அங்கே நிற்கும்போது பேட்டரியோ ஸ்டெப்னியோ காணாமல் போனால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வைத்திருந்தவர்கள்தான். ஜுனாகத் சுங்கத் துறை பிடித்து வைத்த லாரிகள் சம்பந்தமான வழக்கில், ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டாலும் பிடித்து வைத்த பொருளைப் பத்திரமாகப் பாதுகாத்துத் திருப்பிக் கொடுக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று 1967ல் தீர்ப்பானது. 1964ல் கஸ்தூரிலால் வழக்கில் போலீஸ் காவலில் இருந்து தங்கம் காணாமல் போனபோது அரசு பொறுப்பில்லை என்று வந்த தீர்ப்பை எதிர்த்தரப்பு எடுத்துப் போடும். அதற்குப் பதிலாக, அதிகாரிகளின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பு என்று சொன்ன 1994ஆம் ஆண்டு நாகேந்திர ராவ் தீர்ப்பை உங்கள் வக்கீல் வைப்பார்.

இன்சூரன்சைப் பொறுத்தவரை, கிளட்ச் போனது இயந்திரப் பழுது, அதற்குப் பணம் வராது. இழுத்ததில் வளைந்தது, நசுங்கியது வெளியிலிருந்து வந்த சேதம். முழு பாலிசி இருந்தால் கேட்கலாம். கியர்பாக்ஸ் விஷயத்தில் கம்பெனி அதையும் பழுது என்று தள்ளப் பார்க்கும். அப்போது இழுத்த படங்களும் பிரித்த பாகங்களும்தான் பேசும். எனவே சர்வேயர் வரும் முன் கியர்பாக்ஸைப் பிரிக்காதீர்கள், மாற்றிய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். சரக்கு வண்டிகளுக்கு இன்னொன்று: பம்பர், விளக்குகள், டயர், மட்கார்டு ஆகியவை தனிப் பிரீமியம் கட்டினால்தான் சேரும். ஐ.எம்.டி. 23 என்று பாலிசியில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். லத்தியடி முதலில் விழுவது விளக்கின் மேல்தான். ஏற்றியிருந்த சரக்கு அழுகினால் அது வண்டிப் பாலிசியில் வராது, சரக்குக்குத் தனிப் பாலிசி இருக்க வேண்டும்.

பணம் வாங்குவதற்குக் கெடுக்கள் உண்டு. அரசின் மேலோ அதிகாரியின் மேலோ சிவில் வழக்குப் போடும் முன் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவில் 2 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சட்டப்படி செய்த செயல் என்று சொல்லப்படும் காரியத்துக்கு நஷ்ட ஈடு கேட்க 1 வருடக் கெடு. அதைவிட மோசம், 1859ஆம் ஆண்டு மாவட்டப் போலீஸ் சட்டத்தில் இருக்கும் 3 மாதக் கெடு. அது உங்கள் வழக்குக்குப் பொருந்துமா என்று வாதாடலாம்தான், ஆனால் அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது. டிரைவரை அடித்திருந்தால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு 1 வருடத்துக்குள் எழுதலாம்.

ஆகவே வண்டி பட்டறைக்கு வந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். போகும்போது படங்களும் வீடியோவும், 1033 அழைப்பின் நேரம், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததன் நகல், எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது, கிரேன் கூலி ரசீது, சர்வே ரிப்போர்ட், பட்டறை பில் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வண்டி ஓடாமல் நின்ற நாட்களின் வருமான இழப்பையும் கேட்கலாம். அதற்கு, வண்டி நிற்பதற்கு முந்தைய மாதங்களின் டிரிப் ஷீட்டுகளும் ஃபாஸ்டேக் கணக்கும் வேண்டும்.